காத்திருக்கத் தெரிந்தவர்கள்

டெல்லி சாணக்யபுரியில் சாந்திபாத் என்று ஓர் அகலமான சாலை இருக்கிறது. இருபுறமும் புல்வெளி, அதற்கப்பால் உயர்ந்த மதில்கள், மதில்களுக்குள் அயல்நாட்டுத் தூதரகங்கள். சீனத் தூதரகம் இந்தச் சாலையில்தான் உள்ளது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் கொடிகளும் இதே சாலையில் பறக்கின்றன. பக்கத்துச் சாலைகளில் மலேசியா, பின்லாந்து, ஆஸ்திரியா. இந்த நாடுகளுக்குள் பொதுவானது என்ன என்று கேட்டால் அரசியல் படித்தவர் ஒரு விடை சொல்வார், பொருளாதாரம் படித்தவர் இன்னொன்று சொல்வார். விலங்கியல் படித்தவர் சொல்லும் விடை இது: இவை எல்லாமே சீனாவிடமிருந்து பாண்டாக் கரடியைப் பெற்று வளர்த்த நாடுகள்.

1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா சென்று வந்த பிறகு, லிங் லிங், சிங் சிங் என்ற இரு பாண்டாக்கள் வாஷிங்டன் உயிரியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அதே ஆண்டு டோக்கியோவுக்கும் ஒரு ஜோடி போனது. அவை அன்பளிப்புகள். 1980களில் சீனா அன்பளிப்பை நிறுத்திக் கடனாகக் கொடுக்கத் தொடங்கியது. இப்போது வழக்கமான ஒப்பந்தம் 10 ஆண்டுகளுக்கு. ஒரு ஜோடிக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை கட்டணம். கடன் வாங்கிய நாட்டில் குட்டி பிறந்தாலும் அது சீனாவுக்கே சொந்தம். எடின்பரோவுக்கு 2011இல் வந்த ஜோடி 12 ஆண்டுகள் இருந்தும் ஒரு குட்டிகூட ஈனாமல் 2023 டிசம்பரில் ஊர் திரும்பியது. பின்லாந்தின் ஆதாரி பூங்கா செலவு தாங்காமல் தன் பாண்டாக்களை 2024இல் முன்கூட்டியே திருப்பி அனுப்பியது.

விலங்கைத் தூதாக அனுப்புவது இந்தியாவுக்கும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் டோக்கியோவின் உவேனோ பூங்கா தன் யானைகளை இழந்திருந்தது. யானை வேண்டுமென்று ஜப்பானியக் குழந்தைகள் எழுதிய கடிதங்களுக்குப் பதிலாக, 1949இல் நேரு மைசூர்ப் பகுதியிலிருந்து ஒரு யானையை அனுப்பினார். அதற்குத் தம் மகளின் பெயரையே வைத்தார்: இந்திரா.

இந்தக் கதைகள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வருபவை. விமான நிலையத்தில் வரவேற்பு, அமைச்சர்களின் கைகுலுக்கல், பெயர் சூட்டும் விழா எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் கடன் கொடுக்கப் பாண்டா இன்றும் மிஞ்சியிருப்பதற்குக் காரணமானவர்கள் அந்தப் படங்களில் இல்லை. அவர்கள் மழையிலும் பனியிலும் மூங்கில் புதருக்குள் எச்சம் பொறுக்கினார்கள். குட்டிக்கு இரவெல்லாம் பால் புகட்டினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் இரண்டு நாளுக்காக ஆண்டு முழுதும் காத்திருந்தார்கள். இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது. அவர்களில் சிலர் நம் நாட்டு இமயமலையில் இப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

51 படிகள்

1869இல் பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட், சிச்சுவான் மலைகளில் வேடர்கள் கொண்டுவந்த கறுப்பு வெள்ளைத் தோலைப் பார்த்து, இந்த விலங்கை ஐரோப்பிய அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். அதற்குப் பிறகு நூறாண்டுகள் கழிந்தும், காட்டில் அது எப்படி வாழ்கிறது என்று எவருக்கும் சரியாகத் தெரியவில்லை. 1961இல் உலக வனவிலங்கு நிதியம் தொடங்கப்பட்டபோது லண்டன் பூங்காவின் சி சி என்ற பாண்டாவைப் பார்த்துத்தான் அதன் சின்னம் வரையப்பட்டது. உலகம் முழுதும் தெரிந்த சின்னமாக அது ஆகிவிட்டது. ஆனால் அந்த விலங்கு ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கும், எவ்வளவு நேரம் தூங்கும் என்ற எளிய கேள்விகளுக்கே விடை இல்லை.

விடை தேடிப் போனவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் பேராசிரியர் ஹூ ஜின்சூ. சீனாவின் முதல் பாண்டாக் கணக்கெடுப்பு 1970களின் நடுவில் நடந்தபோது சிச்சுவானில் அந்தப் பணியை வழிநடத்தியவர். 1978இல் வோலோங் காப்பகத்துக்குள், சுமார் 2,500 மீட்டர் உயரத்தில், கூடாரம் அடித்து ஒரு கண்காணிப்பு நிலையம் அமைத்தார். தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து கூடாரத்துக்கு ஏற 51 படிகள். அந்தப் படிகளே நிலையத்துக்குப் பெயராகி, வூயிபெங் என்று அழைக்கப்பட்டது. உலகில் காட்டுப் பாண்டாவை ஆராய அமைந்த முதல் கள நிலையம் அது.

அடர்ந்த மூங்கிலுக்குள் பாண்டாவை நேரில் பார்ப்பது மிக அரிது. மாதக்கணக்கில் காட்டில் கிடந்தவர்களுக்குக்கூட விலங்கு கண்ணில் படுவதில்லை. ஆனால் பாண்டா ஒரு தடயத்தைத் தாராளமாக விட்டுச் செல்கிறது. உண்ணும் மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அதனால் செரிக்க முடியாது. ஊன் தின்னும் விலங்கின் குட்டையான குடலை வைத்துக்கொண்டு புல் தின்று பிழைக்கும் உயிர் அது. அதனால் நாளில் பாதிக்கு மேல் தின்றுகொண்டே இருக்கிறது; நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு முறை எச்சமிடுகிறது. அந்த எச்சத்தில் கடித்த மூங்கில் துண்டுகள் உருக்குலையாமல் கிடக்கும்.

ஹூ ஜின்சூ அந்தத் துண்டுகளை அளந்தார். ஒவ்வொரு பாண்டாவும் தன் தாடைக்கும் பல்லுக்கும் வயதுக்கும் ஏற்ற நீளத்தில் மூங்கிலைக் கடிக்கிறது. இரண்டு எச்சங்களில் உள்ள துண்டுகளின் சராசரி நீளம் 2 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் அவை வெவ்வேறு பாண்டாக்களுடையவை என்று கொள்ளலாம் என்றார். விலங்கைப் பார்க்காமலே விலங்கை எண்ணும் வழி பிறந்தது. கேட்பதற்கு எளிது. செய்வதற்கு, ஈர மலைச்சரிவில் முழங்காலிட்டு, சாணக் குவியலைப் பிரித்து, நூற்றுக்கணக்கான துண்டுகளை அளவுகோலில் வைத்து எழுத வேண்டும். அடுத்த குவியலுக்கும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். சீனாவின் பெரிய கணக்கெடுப்புகள் பல ஆண்டுகள் இந்த முறையை நம்பியே நடந்தன.

1980இல் அமெரிக்க விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் வோலோங்குக்கு வந்தார். அவர் நமக்கு அந்நியர் அல்லர். 1960களில் மத்தியப் பிரதேசத்தின் கன்ஹாவில் புலியையும் மானையும் ஆராய்ந்தவர். பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலையில் வரையாடுகளையும் கவனித்து எழுதியவர். ஹூ ஜின்சூவும் ஷாலரும் சீன உதவியாளர்களும் சேர்ந்து 1981இல் பாண்டாக்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டினார்கள். கால் மணிக்கு ஒருமுறை சைகையைக் கேட்டு, விலங்கு அசைகிறதா ஓய்வெடுக்கிறதா என்று குறிக்க வேண்டும். இரவும் பகலும், நாட்கணக்காக, முறை வைத்து விழித்திருந்து கேட்டார்கள். பாண்டா ஒரு நாளில் சுமார் 14 மணி நேரம் சுறுசுறுப்பாக இருக்கிறது என்ற தகவல் பாடநூலில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரிக்குப் பின்னால் உறைபனியில் கண் விழித்த இரவுகள் இருக்கின்றன.

குகைக்குள் தெரிந்த உண்மை

1970களில் மின்ஷான் மலைகளிலும் 1983இல் வோலோங் பகுதியிலும் மூங்கில் பூத்தது. சில மூங்கில் இனங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து ஒன்றாகச் சாகும். முதல் பூப்பின்போது 138 பாண்டாக்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. 1983இல் உலகமே பதறியது. பட்டினி கிடக்கும் பாண்டாக்களை மீட்கப் பணம் திரண்டது. விலங்குகள் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டன. களத்தில் இருந்த ஷாலர் வேறொன்றைக் கண்டார். காடு தொடர்ச்சியாக இருந்தால் பாண்டா வேறு உயரத்திலுள்ள வேறு மூங்கிலுக்கு நகர்ந்துவிடும். கள்ளவேட்டையும், மரம் வெட்டுவதும், தேவையில்லாமல் பிடித்துச் செல்வதுமே பெரிய ஆபத்து என்று அவர் எழுதினார். பிடித்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் பிடித்தார்கள். நல்லெண்ணத்துக்கு வழிகாட்டக் கள அறிவு தேவைப்பட்டது.

அந்த அறிவை இன்னும் ஆழப்படுத்தியவர் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் பான் வென்ஷி. 1985 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக, ஷான்சி மாநிலத்தின் சின்லிங் மலைகளில் மாணவர்களோடு தங்கி ஆராய்ந்தார். அவருடைய மாணவி லூ ஜி, கழுத்துப்பட்டை மாட்டிய ஒரு தாய்ப் பாண்டாவை விடாமல் பின்தொடர்ந்தார். ஜியாவ் ஜியாவ் என்ற அந்தத் தாய் அவர் அருகில் வருவதை மெல்ல மெல்லப் பொறுத்துக்கொண்டது. 1992இல் அது குட்டி ஈன்றபோது, காட்டுப் பாண்டா குகைக்குள் குட்டி வளர்ப்பதை மிக அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அறிவியலுக்குக் கிடைத்தது.

குட்டி பிறந்த முதல் சில வாரங்கள் தாய் பெரும்பாலும் உண்ணாமல் அதைக் கையிலேயே வைத்திருக்கிறது. பிறகு பசி தாங்காமல் மூங்கிலைத் தேடிப் போகிறது. குட்டி குகையில் தனியே கிடக்கும். தாய் திரும்பப் பல மணி நேரம் ஆகும், சில வேளை ஒரு நாளுக்கும் மேலாகும். தனியே கிடக்கும் குட்டியை அதுவரை மனிதர்கள் அனாதை என்று எண்ணி எடுத்துச் சென்றுகொண்டிருந்தார்கள். தாய் திரும்பி வந்து பார்க்கும்போது குகை வெறுமையாக இருந்திருக்கும். இந்த ஆய்வுக்குப் பிறகுதான், தனியே கிடக்கும் குட்டியைத் தொடாமல் விலகி வருவதே உதவி என்பது தெளிவாயிற்று. பான் வென்ஷி ஆராய்ச்சியோடு நிற்கவில்லை. சின்லிங்கில் மரம் வெட்டுவதை நிறுத்தக் கோரி மத்திய அரசுக்கு எழுதினார். 1990களின் நடுவில் அங்கு வெட்டு நின்றது. அந்தப் பகுதி சாங்சிங் காப்பகமாயிற்று.

அறிவியல் தன் பழைய கணக்கையும் திருத்திக்கொண்டது. வாங்லாங் காப்பகத்தில் மூங்கில் துண்டு முறையைச் சார்ந்த கணக்கு 27 பாண்டாக்கள் என்றது. அதே காப்பகத்தில் எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்து ஆராய்ந்தவர்கள் 66 தனி விலங்குகளைக் கண்டதாக 2006இல் வெளியிட்டார்கள். கருவி மாறியது. ஆனால் எச்சத்தைத் தேடி மலையேறும் கால்கள் மாறவில்லை. மரபணு ஆய்வகத்துக்கும் யாரோ ஒருவர் பொறுக்கிக் கொண்டுவந்தால்தான் வேலை.

நூறு கிராம் உயிர்

பெண் பாண்டா ஆண்டுக்கு ஒருமுறைதான் சினைப் பருவத்துக்கு வரும். அதிலும் கருவுறத் தகுந்த காலம் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரையே. லண்டனின் சி சியை 1966இல் மாஸ்கோவுக்கே கொண்டுபோய் அங்கிருந்த அன் அன் என்ற ஆணோடு சேர்க்க முயன்றார்கள், பலிக்கவில்லை. பெய்ஜிங் பூங்காவில் 1963இல் முதல் குட்டி பிறந்தது. 1978இல் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குட்டி கிடைத்தது. பிறந்த குட்டிகளில் பல பிழைக்கவில்லை. சேரும் நேரம் தவறுவது, சேர விரும்பாதது, பிறந்தது பிழைக்காதது என்ற மூன்று தடைகளைத் தாண்டச் சீன ஆய்வாளர்களுக்கு முப்பதாண்டுகள் பிடித்தன.

புதிதாய்ப் பிறந்த பாண்டாக் குட்டி சுமார் 100 கிராம். தாயின் எடையில் ஏறத்தாழ 900இல் ஒரு பங்கு. கண் திறந்திருக்காது, உடலில் ரோமம் மிகக் குறைவு, தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும். பிறப்புகளில் ஏறத்தாழ பாதி இரட்டை. காட்டில் தாய் ஒன்றை மட்டும் எடுத்து வளர்க்கும், மற்றது இறந்துவிடும்.

செங்டு, வோலோங் மையங்களின் பராமரிப்பாளர்கள் இந்த இரண்டாவது குட்டியை விட்டுவிட மனமில்லாமல் ஒரு வழி கண்டார்கள். ஒரு குட்டி தாயிடம் இருக்கும்போது மற்றது இன்குபேட்டரில் இருக்கும். தேன் கலந்த நீரைத் தாயிடம் நீட்டி அதன் கவனம் திரும்பும் நொடியில் குட்டியை எடுத்து இன்னொன்றை வைப்பார்கள். இரண்டுக்கும் தாய்ப்பால், இரண்டுக்கும் தாயின் சூடு. இதை நாளுக்குப் பல முறை, இரவிலும், மாதக்கணக்கில் செய்ய வேண்டும். இன்குபேட்டரில் இருக்கும் குட்டிக்கு ஈரப் பஞ்சால் தடவிச் சிறுநீர் வரவைப்பதும், ஒவ்வொரு கிராம் எடை ஏற்றத்தையும் எழுதுவதும் அவர்கள் வேலைதான். 1987இல் காட்டிலிருந்து மீட்கப்பட்ட 6 பாண்டாக்களோடு செங்டு மையம் தொடங்கியது. 2023 இறுதியில் உலகில் மனிதப் பராமரிப்பிலிருந்த பாண்டாக்கள் 728.

2008 மே 12 அன்று சிச்சுவானை நிலநடுக்கம் உலுக்கியது. வோலோங் மையம் அதன் மையப் புள்ளிக்கு அருகில் இருந்தது. மலையிலிருந்து பாறைகள் உருண்டு கூண்டுகள் மேல் விழுந்தன. பராமரிப்பாளர்கள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். தங்கள் வீட்டார் என்ன ஆனார்கள் என்று தெரியாத நேரம் அது. காப்பகப் பணியாளர்கள் 5 பேர் அந்த நாளில் உயிரிழந்தார்கள். சுவர் இடிந்து மாவ் மாவ் என்ற தாய்ப் பாண்டாவும் இறந்தது. மிஞ்சியவர்கள் மூங்கில் சேகரிக்கப் போனார்கள். விலங்குகளுக்கு உணவு வேண்டுமே.

வளர்த்ததைக் காட்டுக்கு அனுப்புவது இன்னும் கடினமான பாடம். 2006இல் விடப்பட்ட சியாங் சியாங் என்ற ஆண், காட்டு ஆண்களோடு மோதிக் காயப்பட்டு, 2007 தொடக்கத்தில் இறந்து கிடந்தது. அந்தச் சாவிலிருந்து ஆய்வாளர்கள் முறையையே மாற்றினார்கள். மனித முகம் பழகாதபடி, குட்டி தாயோடு வேலியிட்ட காட்டிலேயே வளர வேண்டும். அருகில் போக வேண்டியவர்கள் பாண்டா உடை அணிந்து, பாண்டாவின் சிறுநீர் வாசத்தைப் பூசிக்கொண்டு போனார்கள். தம் கையில் வளரும் உயிர் தம்மை அடையாளம் காணக் கூடாது என்பதற்காக இவ்வளவும். அப்படி வளர்ந்த தாவ் தாவ் 2012இல் லீஸிபிங் காட்டில் விடப்பட்டது. 2017இல் பிடித்துப் பார்த்தபோது நல்ல உடல்நிலையில் இருந்தது.

2015இல் வெளியான நான்காவது கணக்கெடுப்பு, காட்டில் 1,864 பாண்டாக்கள் இருப்பதாகச் சொன்னது. முந்தைய கணக்கு 1,596. 2016இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பாண்டாவை ‘அழிவாபத்தில் உள்ளது’ என்ற நிலையிலிருந்து ஆபத்து ஒரு படி குறைந்த ‘பாதிப்புக்குள்ளாகக்கூடியது’ என்ற நிலைக்கு மாற்றியது.

நம் நாட்டுப் பாண்டா

இந்தியப் பூங்காக்களில் பாண்டாக் கரடி இல்லை. ஆனால் பாண்டா என்ற பெயரை முதலில் பெற்ற விலங்கு நம் நாட்டில் உண்டு. 1825இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரெடெரிக் குவியே விவரித்த சிவப்புப் பாண்டா, அர்மான் டேவிட்டின் கரடிக்கு 44 ஆண்டு மூத்தது. இது கரடி அன்று. தன் குடும்பத்தில் எஞ்சிய ஒரே பேரினம். வீட்டுப் பூனையைவிடச் சற்றுப் பெரியது. செம்பழுப்பு உடல், வளையம் வளையமான நீண்ட வால். இதுவும் ஊனுண்ணியின் குடலை வைத்துக்கொண்டு மூங்கில் இலையைத் தின்று வாழ்கிறது. மூங்கிலைப் பிடிக்க, கரடிப் பாண்டாவைப் போலவே மணிக்கட்டு எலும்பு வளர்ந்து ஆன பொய்க் கட்டைவிரல் இதற்கும் உண்டு. நெருங்கிய உறவில்லாத இரு விலங்குகள் ஒரே உணவால் ஒரே உறுப்பைப் பெற்றன.

இந்தியா, நேபாளம், பூட்டான், மியான்மர், சீனா ஆகிய ஐந்து நாடுகளில் இது வாழ்கிறது. இமயமலை இனம், சீன இனம் என்று இது இரண்டு இனங்கள் என 2020இல் மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. அருணாசலப் பிரதேசத்தின் சியாங் ஆறு இரண்டுக்கும் எல்லையாக இருக்கலாம் என்று இந்திய விலங்கியல் ஆய்வகத்தார் அடுத்த ஆண்டு எழுதினார்கள். அப்படியானால் இரண்டு இனமும் இந்திய மண்ணில் உள்ளன. காட்டில் மொத்தம் 10,000க்கும் குறைவு என்பது மதிப்பீடு. 2015 முதல் இது ‘அழிவாபத்தில் உள்ளது’ என்ற பட்டியலில் இருக்கிறது. கரடிப் பாண்டா மேலேறி வர, சிறிய பாண்டா கீழிறங்கிக்கொண்டிருக்கிறது.

அதைத் தடுக்க டார்ஜிலிங்கில் ஓர் இடம் உழைக்கிறது. சுமார் 7,000 அடி உயரத்தில், 1958இல் தொடங்கிய இமாலய உயிரியல் பூங்கா அது. மேற்கு வங்க ஆளுநராக இருந்த பத்மஜா நாயுடுவின் பெயரை 1975இல் இந்திரா காந்தி அதற்குச் சூட்டினார். சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது பூங்காவின் ஒரு பாதி. மறு பாதி டோப்கே தாரா என்ற இனப்பெருக்க மையம். பார்வையாளருக்கு அனுமதி இல்லை. கூட்டமும் இரைச்சலும் இல்லாவிட்டால்தான் சிவப்புப் பாண்டா நிம்மதியாகக் குட்டி வளர்க்கும். இதற்கும் ஆண்டுக்கு ஒரே இனப்பெருக்க காலம். குளிர் முடியும் மாதங்களில் சேர்ந்து, ஜூன், ஜூலையில் ஒன்றிரண்டு குட்டிகள் ஈனும். தொந்தரவு செய்தால் தாய் பதறிக் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இடம் இடமாக அலையும். அந்த அலைச்சலிலேயே குட்டி இறந்துபோகலாம். அங்கே பராமரிப்பாளர் கற்க வேண்டிய முதல் பாடம், எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவது.

1990களில் தொடங்கிய இந்த இனப்பெருக்கத் திட்டம் 2003இல் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. பூங்காவில் பிறந்த ஸ்வீட்டி, மினி என்ற இரு பெண் பாண்டாக்களைக் கழுத்துப்பட்டையோடு சிங்கலிலா தேசியப் பூங்காவில் விட்டார்கள். காட்டின் விளிம்பில் கம்பி வேலிக்குள் சில காலம் வைத்து, உள்ளூர் மூங்கிலுக்கும் குளிருக்கும் பழக்கி, பிறகு கதவைத் திறந்தார்கள். ஸ்வீட்டி ஒரு காட்டு ஆணோடு இணைந்து குட்டி ஈன்றது. கூண்டில் பிறந்த சிவப்புப் பாண்டா காட்டில் தாயாகும் என்பதற்கு அது சாட்சி.

இருபதாண்டு கழித்துத் திட்டம் மீண்டும் வேகம் பெற்றது. 2022 முதல் 2024 வரை 7 பெண், 2 ஆண் என 9 சிவப்புப் பாண்டாக்கள் சிங்கலிலாவில் விடப்பட்டன. அந்தப் பெண்களில் மூன்று, காட்டிலேயே 5 குட்டிகளை ஈன்றன. இதற்காக 2024இல் உலக உயிரியல் பூங்காக்கள் சங்கத்தின் பாதுகாப்பு விருதுக்கான இறுதி மூவரில் டார்ஜிலிங் பூங்காவும் ஒன்றாக இடம்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் பூங்காவிலிருந்து இரண்டு ஆண் சிவப்புப் பாண்டாக்கள் வந்து சேர்ந்தன. சிறு கூட்டத்துக்குள்ளேயே இணைந்தால் நோயும் குறையும் பெருகும்; புது ரத்தம் வேண்டும். விடப்பட்ட 9 விலங்குகளும் 5 குட்டிகளும் சிறிய எண்கள்தாம். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஆண்டுக்கணக்கில் மூங்கில் வெட்டி, எடை பார்த்து, சைகை கேட்டு மலையேறிய ஆட்கள் உண்டு.

கூண்டுக்கு வெளியே உள்ள வேலை

குட்டி பிறந்துவிட்டால் போதாது. அது போய் வாழக் காடு வேண்டும். டார்ஜிலிங்கின் சுனிதா பிரதான், 1990களில் கல்கத்தா, அலிகர் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைந்து, சிங்கலிலாவில் சிவப்புப் பாண்டா எங்கே இருக்கிறது, எதைத் தின்கிறது என்று முறையாக ஆராய்ந்தார். மரக்கிளைகளில் படிந்த புழுக்கைகளைத் தேடி நடந்ததுதான் அந்த ஆய்வின் அடித்தளம். அடர்ந்த மூங்கிலும் முதிர்ந்த மரங்களும் சேர்ந்த இடமே அதற்கு வேண்டும் என்று அவர்களின் ஆய்வு காட்டியது. எந்தக் காட்டைக் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதுவே விடை.

எல்லைக்கு அப்பால் நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் பிரலாத் யோன்சோன் 1980களில் செய்த ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. குட்டிகள் பெருமளவில் இறப்பதற்குக் காரணம் தேடியவர் ஒரு சீஸ் தொழிற்சாலையில் போய் நின்றார். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கச் சீஸ் செய்தார்கள். அதற்குப் பால் வேண்டும்; பாலுக்காகச் சௌரி மாடுகள் பாண்டாவின் மூங்கில் காட்டில் மேய்ந்தன. சீஸ் காய்ச்ச விறகு வெட்டப்பட்டது. மாட்டோடு மேய்ப்பர்களும், மேய்ப்பர்களோடு நாய்களும் வந்தன. எவருமே பாண்டாவுக்குத் தீங்கு நினைக்கவில்லை. விலங்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்தச் சங்கிலி தெரிந்திருக்காது; பால் கறக்கும் குடும்பத்தின் கணக்கையும் கேட்டதால் தெரிந்தது.

நாய்கள் இன்றும் பெரிய கவலை. கேனைன் டிஸ்டெம்பர் என்னும் நாய்களின் வைரஸ் நோய் சிவப்புப் பாண்டாவுக்கு எமன். கரடிப் பாண்டாவையும் அது விடவில்லை; 2014 இறுதியில் ஷான்சியின் ஒரு மீட்பு மையத்தில் அந்நோய் புகுந்து பாண்டாக்கள் இறந்தன. ஆகவே மலைக் கிராமத்தில் நாய்க்குத் தடுப்பூசி போடுபவரும் பாண்டாவைக் காப்பவர்தான். விறகு குறைவாக எரியும் அடுப்பை ஒரு வீட்டில் வைத்துக் கொடுப்பவரும் அப்படியே. கிழக்கு நேபாளத்தில் கிராமத்தவரே வனக் காவலர்களாகி, தம் ஊர்க் காட்டில் வகுத்த பாதைகளில் நடந்து தடயங்களைப் பதிவு செய்கிறார்கள். அருணாசலத்தின் பாங்சென் பள்ளத்தாக்கில் மோன்பா மக்கள் தங்கள் காட்டைத் தாங்களே காக்கும் கூட்டமைப்பை ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

இந்த மனிதர்களின் அர்ப்பணிப்பைத் தியாகம் என்று மட்டும் போற்றி நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. ஹூ ஜின்சூவின் அளவுகோல், லூ ஜியின் குகை, சியாங் சியாங்கின் மரணம் கற்பித்த புது முறை, யோன்சோனின் சீஸ் கணக்கு: இவை ஒவ்வொன்றும் நீண்ட காலம் ஒரே இடத்தில் நின்றதால் கிடைத்த அறிவு. ஆறு மாதத்தில் அறிக்கை கேட்கும் திட்டத்தால் இவற்றில் ஒன்றையும் கண்டுபிடித்திருக்க முடியாது. பொறுமை இங்கே நற்பண்பு மட்டுமன்று, ஆராய்ச்சி முறையே அதுதான். பொறுமைக்கு ஊதியம் வேண்டும், பதவி நிலைப்பு வேண்டும், மழைக்கோட்டும் மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். வரையாட்டை 1960களிலேயே நீலகிரிச் சரிவுகளில் நடந்து எண்ணியவர் இ.ஆர்.சி. டேவிதார் என்ற வழக்கறிஞர். அந்த நடையின் தொடர்ச்சியாக, 2024இல் தமிழகமும் கேரளமும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தபோது தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் எண்ணப்பட்டன. பாறை விளிம்புகளில் நின்று எண்ணியவர்களில் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் உண்டு. பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்த பலர் அந்த வேலையைத் தற்காலிக ஊதியத்தில் செய்கிறார்கள். காட்டை அவர்களைப் போல அறிந்தவர் எவரும் இல்லை. அறிக்கைகளில் அவர்கள் பெயர் அரிதாகவே வருகிறது.

அடுத்த முறை ஒரு பாண்டாக் குட்டியின் காணொளியோ, வரையாட்டின் புகைப்படமோ உங்கள் கைபேசியில் வரும்போது, அந்த விலங்கை எண்ணியவர் யார், அவருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். டார்ஜிலிங் போனால் பாண்டாவைப் பார்த்த கையோடு, அதற்கு மூங்கில் கொண்டுவருபவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். உங்கள் ஊர்க் காட்டின் காவலர்களுக்கு நிலையான பணி கேட்டு உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். சாந்திபாத்தில் கையெழுத்தாகும் எந்த ஒப்பந்தமும் ஒரு குட்டியைக்கூடத் தானாகப் பிழைக்கவைக்காது. குட்டியைப் பிழைக்கவைப்பவர்களைப் பிழைக்கவைப்பது நம் பொறுப்பு.